மீன்பெட்டிக் கீரை

சுகாதார இலாகாவினர் பாச்சாங்கிலுள்ள அந்தத் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்து, வரிசை வீடுகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு வந்தபோது, தேவமலர் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள். எதிர் வரிசையில் ஒரு மாணவனுக்கு டிங்கிக் காய்ச்சல் கண்டிருந்தது. ஆகவே அவர்கள் வருவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. அவள் அஞ்சியது காய்ச்சலுக்கு அன்று. அவர்கள் கையில் கொண்டுவரும் மருந்துக்கு.

பின்கட்டு முழுவதும் சிமெண்டுத் தரை. அவளுடைய கணவர் அங்கமுத்து, மதிலை ஒட்டி முழங்கால் உயரத்திற்குச் செங்கல் அடுக்கி இரண்டு பாத்திகள் கட்டிக் கொடுத்திருந்தார். அவற்றில் கத்தரியும் வெண்டையும் நின்றன. பாத்திகளுக்கு முன்னால் ஒரு நீண்ட பலகையின்மேல் வெள்ளை நுரைப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. தஞ்சோங் கிளிங்கில் மீன் ஏற்றிவந்து கழித்துவிட்ட பெட்டிகள் அவை. வெயிலில் காயவைத்து, மீன் வாடை போகக் கழுவி, தேவமலர் அவற்றில் தண்டுக்கீரை வளர்த்தாள்.

குழாயில் தண்ணீர் வராமற்போகும் நாட்களை எண்ணி அவள் ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஒரு சாண் உயரத்திற்குத் தண்ணீர் நிற்கும். அதன்மேல் துளையிட்ட தட்டு, தட்டின்மேல் மண். தட்டிலிருந்து தொங்கும் பழந்துணித் திரிகள் தண்ணீரை மேலே இழுத்து மண்ணை ஈரமாக வைத்திருக்கும். பெட்டியின் மூலையில் நிமிர்ந்து நிற்கும் பிளாஸ்டிக் குழாய் வழியாக அவ்வப்போது தண்ணீர் ஊற்றினால் போதும். கீரை வாடுவதே இல்லை. இதைக் கண்டு ஆசைப்பட்ட பக்கத்து வீட்டு லுத்ஃபியாவுக்கு ஒரு பெட்டியும், வரிசையின் கடைசி வீட்டிலிருந்த சாந்திக்கு ஒரு பெட்டியும் அவளே செய்து கொடுத்திருந்தாள்.

அந்தக் கீரையில் ஒரு துளி மருந்தும் படக் கூடாது என்பதில் அவள் மிகவும் கண்டிப்பாக இருந்தாள். லூபோக் சீனாவுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் அவள் மருந்தடிக்கும் வேலை பார்த்தவள். முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்துகொண்டு செம்பனை மரங்களுக்கிடையே புல்லுக்கு விஷம் அடித்தவள். அவளுடன் நிரையில் நின்ற வேலாயி ஒருநாள் மருந்துப் புட்டியின் மூடி திறக்கவில்லை என்று பல்லால் கடித்துத் திருகினாள். அதன்பிறகு வேலாயிக்கு நேர்ந்தவற்றைத் தேவமலர் தன் வீட்டில் எவரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை. கையைக் கழுவினால் போதும், ஒன்றும் ஆகாது என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார் என்பதை மட்டும் அடிக்கடி சொல்லுவாள்.

இப்போது அந்தக் கீரையை உண்பவள் அவளுடைய ஒரே மகள் கலைமகள். வளைகாப்பு முடிந்து, மூவாரிலுள்ள கணவன் வீட்டிலிருந்து தலைப்பிரசவத்திற்காகத் தாய்வீடு வந்திருந்தாள். அவள் தினமும் காலையிலும் சாயங்காலத்திலும் பெட்டிகளின் அருகில் நாற்காலி போட்டு அமர்ந்து கீரை ஆய்வாள். அந்த இடம் குளிர்ச்சியாக இருக்கிறது என்று நாற்காலியை அங்கே போட்டவள் தேவமலர்தான்.

சோதனைக்கு வந்தவர் புவனேந்திரன் என்னும் இளைஞர். கையில் மின்விளக்கோடு பின்கட்டுக்கு வந்தார்.

“பசியாறிட்டீங்களாக்கா?”

“ஆச்சு தம்பி. வாங்க.”

அவர் வாளிகளைக் கவிழ்த்துப் பார்த்தார். பூச்சட்டித் தட்டுகளை விரலால் துழாவினார். கால்வாயில் ஒளியைப் பாய்ச்சினார். பிறகு நுரைப்பெட்டிகளுக்கு முன்னால் நின்றார்.

“கீரை சூப்பரா வந்திருக்கே! இந்தப் பொட்டிங்கள்ல தண்ணி நிக்குதாக்கா?”

“இல்ல தம்பி. மண்ணுதான்.”

“இந்தக் கொழாய் எதுக்கு?”

“கொடி ஏறுறதுக்கு.”

“கீரை கொடி ஏறுமாக்கா?” என்று அவர் சிரித்தார். “என்னை ஏமாத்தப் பாக்குறீங்களா?”

“பயத்தங்காயும் போடுவேன்லா. அதுக்குத்தான்.”

அவருக்கு இன்னும் பல வீடுகள் பார்க்க வேண்டியிருந்தது. பையிலிருந்து ஒரு விளம்பரத்தாளையும் சிறு பொட்டலங்கள் சிலவற்றையும் எடுத்து அவள் கையில் வைத்தார். “மணல் மாதிரி இருக்கும். தண்ணி தேங்குற எடத்துல எல்லாம் கொஞ்சம் போட்டுடுங்க. கொசுப்புழு செத்துரும். மனுசங்களுக்கு ஒன்னும் ஆகாது.”

“சரி தம்பி” என்றாள் தேவமலர்.

மனிதர்களுக்கு ஒன்றும் ஆகாது. அதே சொற்கள். அவர் வாயிற்கதவைத் தாண்டியதும் பொட்டலங்களை ஒரு நெகிழிப் பையில் முடிந்து குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, இரு கைகளையும் சவர்க்காரமிட்டுக் கழுவினாள். திருப்தி ஏற்படாமல் மீண்டும் கழுவினாள்.

கலைமகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏம்மா, அவர்கிட்ட எதுக்குப் பொய் சொன்ன?”

“உண்மையச் சொன்னா கொழாய்க்குள்ள மருந்தக் கொட்டிருவான். அந்தத் தண்ணிதான் கீரைக்கு ஏறும். கீரை உன் வயித்துக்குப் போவும். தேவையா உனக்கு?”

கலைமகள் வயிற்றைத் தடவிக்கொண்டு மறுபடியும் கீரை ஆயத் தொடங்கினாள்.

அதன்பின் நெடுநாள் ஆகவில்லை. ஒரு காலையில் பக்கத்து வீட்டு நயீம் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “மலர்க்கா, லுத்ஃபியாவுக்கு நெருப்பா காயுது. கண்ணுக்குப் பின்னால வலிக்குதுன்னு அழுவுறா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன். வீட்டக் கொஞ்சம் பாத்துக்குங்க” என்றார். அன்று மாலையே அது டிங்கி என்று தெரிந்தது. லுத்ஃபியாவைப் படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள்.

தேவமலரின் நெஞ்சில் அன்றுதான் காய்ச்சலைப் பற்றிய பயமும் புகுந்தது. கொசு எங்கிருந்து வந்தது என்று அவள் யோசித்தாள். எதிர் வரிசையின் பின்னாலுள்ள பழைய டயர்களை நினைத்தாள். அடைபட்ட கால்வாயை நினைத்தாள். தன் வீட்டை நினைக்கவில்லை. தரை பளிச்சென்று இருந்தது. ஒரு வாளியிலும் தண்ணீர் இல்லை.

புகையடிக்க ஆட்கள் வந்தார்கள். இயந்திரத்தின் இரைச்சல் தெருமுனையில் கேட்டபோதே, தேவமலர் கலைமகளை ஒரு வண்டியில் ஏற்றித் தெரிந்தவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பிறகு அங்கமுத்துவின் லோரித் தார்ப்பாயை இழுத்துவந்து பெட்டிகளின் மேல் விரித்து, நான்கு முனைகளிலும் செங்கல் வைத்து அழுத்தினாள். வெள்ளைப் புகை வீடுகளை விழுங்கிக்கொண்டு வந்தது; கரப்பான்கள் கால்வாயிலிருந்து ஏறிவந்து சிமெண்டில் மல்லாந்தன. அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றாள். புகை கலைந்ததும் தார்ப்பாயை எடுத்தாள். ஓர் இலையிலும் மருந்து படவில்லை. அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்த ஆறுதல் நீடிக்கவில்லை. கலைமகள் ஒருநாள் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் தாயைக் கூப்பிட்டாள். தொட்டுப் பார்த்த தேவமலர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். கிளினிக்கில் இரத்தம் பார்த்தார்கள். அங்கிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். மருமகன் திவாகர் மூவாரிலிருந்து பறந்து வந்தான். அங்கமுத்து லோரியோடு கிளந்தான் பக்கம் போயிருந்தார். தொலைபேசியில் அவர் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

டாக்டர் அம்மாள் திவாகரிடமும் தேவமலரிடமும் மெதுவாகப் பேசினார். கர்ப்பிணிகளுக்கு இந்தக் காய்ச்சலில் அபாயம் மிகுதி. இரத்தத் தட்டணுக்கள் குறைந்தால் எங்கு வேண்டுமானாலும் இரத்தம் கசியலாம். அந்நேரத்தில் வலி கண்டுவிட்டால் தாயையும் பிள்ளையையும் காப்பது கடினம். அவர் சொன்னது அவ்வளவுதான். தேவமலர் அதை ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

மறுநாள் காலை, வேலையில்லாமல் இருந்தால் தலை வெடித்துவிடும் போலிருந்ததனால், பின்கட்டுக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள். பாத்திகளை நனைத்தாள். பெட்டிகளிடம் வந்தாள். முதற்பெட்டியின் குழாயில் பூவாளியைச் சாய்த்தாள். பல நாட்களாக ஊற்றாததால் தண்ணீர் மடமடவென்று உள்ளே இறங்கிற்று.

குழாயிலிருந்து ஏதோ கரிய புகைபோல் எழுந்தது.

அது அவள் மணிக்கட்டில் பட்டது, கன்னத்தில் பட்டது, காதோரம் ரீங்கரித்தது. பூவாளியை நழுவவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். கையில் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் கால்களில் வெள்ளை வரிகள் இருந்தன. புவனேந்திரன் கொடுத்துச் சென்ற விளம்பரத்தாளில் பெரிதாக அச்சிட்டிருந்த அதே கொசு.

சமையலறையிலிருந்து வெள்ளைக் கிண்ணத்தை எடுத்துவந்தாள். மிகுந்த தண்ணீர் வழியப் பெட்டியின் பக்கத்தில் இட்டிருந்த துளைக்குக் கீழே கிண்ணத்தைப் பிடித்துப் பெட்டியைச் சாய்த்தாள். தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது. கிண்ணத்திற்குள் அது அசையாமல் நின்றது. ஆனால் அதற்குள் எல்லாம் அசைந்தது. மயிரிழை போன்ற புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்து மூச்சுவிட்டு, மீண்டும் அடியில் இறங்கின. எண்ணிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

இரண்டாம் பெட்டியிலும் அப்படியே. மூன்றாவதிலும் அப்படியே. வெளியே ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவிடாதவள், கண்ணுக்குத் தெரியாத இருட்டில் அவற்றுக்கு ஒரு தொட்டி கட்டி, குழாய் வைத்து வாசலும் அமைத்துக் கொடுத்திருக்கிறாள். புகை வந்தபோது தார்ப்பாய் போட்டுக் காப்பாற்றியும் இருக்கிறாள். அதன் பக்கத்திலேயே மகளுக்கு நாற்காலியும் போட்டிருக்கிறாள்.

பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பலகையிலிருந்து இழுத்துத் தள்ளினாள். மண்ணும் கீரையும் தண்ணீரும் சிமெண்டில் பரவின. வெயில் பட்ட இடத்தில் புழுக்கள் துள்ளி அடங்கின.

அந்த ஓசை கேட்டு மதிலுக்கு அப்பாலிருந்து லுத்ஃபியா குரல் கொடுத்தாள். அவள் முதல்நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்தாள். முகம் பாதியாக வற்றியிருந்தது.

“மலர்க்கா, என்ன சத்தம்? கலை எப்பிடி இருக்கா? நான் துவா கேட்டுக்கிட்டே இருக்கேன்.”

“லுத்ஃபியா, உன் பொட்டி எங்க?”

“சமையக்கட்டு வாசல்லதான். வந்ததும் மொதல்ல அதுக்குத்தான் தண்ணி ஊத்துனேன். மலர்க்கா கீரையத் தின்னுதான் உனக்கு ரத்தம் ஊறும்னு நயீம் கிண்டல் பண்றாரு.”

தேவமலரால் சிரிக்க முடியவில்லை. மதிலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். குழாயைச் சொன்னாள், தண்ணீரைச் சொன்னாள், புவனேந்திரனிடம் கூறிய பொய்யையும் சொன்னாள். லுத்ஃபியா முக்காட்டின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தத் தம்பி கேட்டப்ப எதுக்குக்கா மறைச்சீங்க?”

“பயம்மா. மருந்துன்னா எனக்குப் பயம்.”

“எனக்கு மூக்குல ரத்தம் நிக்காம வந்துச்சு. நயீம் துண்டோட நின்னு அழுதாரு. அதவிடப் பெரிய பயமா ஒங்க பயம்?”

தேவமலர் மதிலிலிருந்து கையை எடுத்தாள்.

“வந்து அதக் கவுத்துட்டுப் போங்க. எனக்குத் தூக்கத் தெம்பில்ல. கலைக்காக துவா கேட்பேன், அத நிறுத்த மாட்டேன். ஆனா இன்னைக்கு ஒங்க மூஞ்சியப் பாக்க முடியலக்கா. வேற நாள் பேசுவோம்.”

தேவமலர் போய்ப் பெட்டியைக் கவிழ்த்தாள். அதிலும் புழுக்கள் நெளிந்தன. லுத்ஃபியா கதவுக்குப் பின்னால் நின்றாள், வெளியே வரவில்லை.

நோயாளிகளைப் பார்க்கும் நேரம் மாலையில்தான். தேவமலர் உச்சி வெயிலிலேயே ஆஸ்பத்திரி வாயிலுக்குப் போய்க் காத்திருந்தாள். கதவு திறந்ததும் முதல் ஆளாக வார்டுக்குள் புகுந்தாள். கலைமகளின் நெற்றியில் கை வைத்தவளுக்கு உயிர் வந்தது. நெற்றி குளிர்ந்திருந்தது.

“விட்டுருச்சுடி! காய்ச்சல் விட்டுருச்சு! மாரியாத்தா!”

கலைமகள் தலையணையில் தலையை அசைத்தாள். “சந்தோசப்படாதம்மா. காய்ச்சல் எறங்குறப்பத்தான் டேஞ்சராம். டாக்டர் சொன்னாங்க. பிளேட்லெட் இன்னும் எறங்கிக்கிட்டே இருக்கு. வயிறு வேற வலிக்குது.” ஊசி குத்திய இடத்தைச் சுற்றிக் கரும்பச்சையாகக் கன்றியிருந்தது. ஈறோரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு தெரிந்தது. வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை கட்டி, பிள்ளையின் இதயத்துடிப்பை இயந்திரத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உடனிருக்க அனுமதி பெற்றிருந்த திவாகர் கட்டிலின் மறுபக்கம் நின்று அந்த இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எங்க கடிச்சுதுன்னே தெரியலம்மா. புகையடிச்ச அன்னைக்குத் தவிர நான் வெளிய எங்கயும் போவலையே.”

தேவமலர் கட்டிலின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். “நம்ம வீட்லதான். என் பொட்டில. கொழாய்க்குள்ள தண்ணில அத்தனை புழு. நான்தாம்மா வளத்திருக்கேன்.”

திவாகர் நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தான்; ஏதோ சொல்ல வாயெடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். கலைமகள் கோபிப்பாள், அழுவாள், வெளியே போ என்பாள் என்று தேவமலர் காத்திருந்தாள்.

“எல்லாத்தையும் கவுத்துட்டியா?”

“கவுத்துட்டேன்.”

“லுத்ஃபியாக்கா வீட்டுதையும்?”

“ம்.”

“சாந்தியக்கா வீட்டுது?”

சாந்தியின் பெட்டியைத் தேவமலர் மறக்கவில்லை. மதியம் முழுவதும் அது நினைவில் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. சாந்தியின் நாக்கு பொல்லாதது. ஒரு சொல் காதில் விழுந்தால் வரிசை முழுவதும் தெரிந்துவிடும். மகளைப் பார்த்துவிட்டு நாளைக்குப் போகலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

“அம்மா! அவங்க வீட்ல கைப்பிள்ள இருக்கும்மா!”

“போன் பண்றேன்…”

சாந்தி எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தாள். எடுக்கவில்லை. வெளியே வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அந்தக் கொசு கடிக்கும் நேரம் காலையும் மாலையும் என்று அதே விளம்பரத்தாளில் எழுதியிருந்தது.

“நேர்ல போம்மா.”

“உன்ன விட்டுட்டா? இப்பத்தானே உள்ள விட்டாங்க. இனிமே நாளைக்குத்தான் விடுவாங்க. அதுக்குள்ள உனக்கு ஏதாச்சும்…”

“எனக்கு ஆகுறது உன்னால தடுக்க முடியாது. திவா இருக்காரு. போ.”

அவள் குரலில் கருணை இருந்ததா, கடுமை இருந்ததா என்று தேவமலருக்கு விளங்கவில்லை. மகளின் பாதத்தை ஒருமுறை தொட்டாள். இதுதான் கடைசித் தொடுகையோ என்ற எண்ணம் குத்திற்று. திரும்பிப் பாராமல் நடந்தாள்.

சாந்தி வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் பூவாளி. பெட்டி சிமெண்டுத் திண்டின்மேல் செழித்து நின்றது.

“என்னக்கா, ஆஸ்பத்திரி போவலையா? குடுத்த பொட்டியத் திருப்பிக் கேக்க வந்தீங்களா?” என்று சிரித்தாள் சாந்தி.

“சாந்தி, தண்ணி ஊத்தாத! பிள்ளையக் கொண்டு போய் உள்ள விடு. கதவச் சாத்து.”

“ஏன்லா? என்ன ஆச்சு?”

தேவமலர் பெட்டியைத் தூக்கிக் கால்வாயோரம் கவிழ்த்தாள். குழாயிலிருந்து சில கொசுக்கள் பறந்தன; சாந்தி கண்களால் கண்டாள். நெளியும் புழுக்களையும் கண்டாள். பிறகு அவள் பேசிய பேச்சு வரிசையின் மறுமுனைவரை கேட்டது. “ஒங்க நல்ல மனச யார் கேட்டா? மருந்து படாத கீரை, மருந்து படாத கீரைன்னு ஊரெல்லாம் பெருமை! எம்பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஒங்கள நான் சும்மா விட மாட்டேன்!” வாயிற்கதவுகள் திறந்தன; தலைகள் எட்டிப் பார்த்தன. தேவமலர் மண்ணில் கிடந்த குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு, யார் வீட்டில் இப்படித் தண்ணீர் நிற்கும் பெட்டி இருந்தாலும் கவிழ்த்துவிடுங்கள் என்று எல்லாரும் கேட்கச் சொன்னாள். அங்கேயே நின்று சுகாதார இலாகாவைத் தொலைபேசியில் அழைத்துப் புவனேந்திரனிடமும் சொன்னாள்.

மறுநாள் முழுதும் திவாகரிடமிருந்து நல்ல சேதி வரவில்லை. இரத்தம் ஏற்றினார்கள். அதற்கும் அடுத்த நாள் மதியம், அணுக்கள் இறங்குவது நின்றுவிட்டது என்றான். மாலையில், கொஞ்சம் ஏறியிருக்கிறது, பிள்ளையின் துடிப்பும் சரியாக இருக்கிறது என்றான். கலைமகள் வீட்டுக்கு வந்தபோது தாயின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படியேறினாள்.

ஆனால் கொசு கடித்தவுடன் காய்ச்சல் வருவதில்லை. நாட்கள் கழித்தே வரும் என்று புவனேந்திரன் சொல்லியிருந்தார். ஆகவே தேவமலர் ஒவ்வொரு காலையும் அடுப்பைப் பற்றவைக்குமுன் வரிசையின் கடைசி வீட்டுக்கு நடந்தாள். முதல் சில நாட்கள் சாந்தி வாயிற்கதவைத் திறக்கவில்லை. சன்னலிலிருந்து, “சூடு இல்ல, போங்க” என்று மட்டும் சொன்னாள். ஒரு காலையில் அவளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் கண்களிலும் தூக்கம் இல்லை.

“நேத்து முழுக்கச் சிணுங்கிக்கிட்டே இருந்தான். சூடு மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. நீங்க ஒரு தடவ தொட்டுப் பாருங்கக்கா.”

தேவமலர் புறங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குழந்தையின் நெற்றியில் வைத்தாள். நெற்றி குளிர்ந்தே இருந்தது. அவளுக்கு அது போதவில்லை. கழுத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு அக்குளில் வைத்துப் பார்த்தாள்.